நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டாம் பல்

ரசிகர்களை வரிசையில் நிறுத்த ஒரு கயிறு வேண்டுமென்று ரசிகர் பேரவைச் செயலாளர் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார். துணி காயப்போடும் கொடி அது. கிளிப் ஒன்று இன்னும் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. அரங்கத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்கும் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் இரும்புக் கதவுக்கும் நடுவில் அவர் அதைக் கட்டிய தோரணையைப் பார்த்தால், இரண்டு நாடுகளுக்கு எல்லை பிரிக்கிறார் என்றே தோன்றும்.

"கொடிக்கு இந்தப் பக்கம் ரசிகர்கள். அந்தப் பக்கம் கலை," என்று அறிவித்தார்.

கலையின் பக்கத்தில் இப்போதைக்கு ஒரு பூனை மட்டும் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

மணி ஐந்தரை. மதியக் காட்சி முடிந்து, தட்டிய கைகள் இன்னும் சிவந்திருக்க, முப்பது பேர் காத்திருந்தார்கள். ஏழாவது ஆளாக அண்ணி நின்றாள். நின்றாள் என்பது ஒரு பேச்சுக்கு. இடது காலா வலது காலா என்று முடிவுக்கு வராமல் இரண்டும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தன.

"சும்மா நில்லுங்க அண்ணி. யாராவது பாவம்னு பாத்ரூமுக்கு வழி சொல்லிடப் போறாங்க," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார்.

"இந்தக் காலு நான் சொன்னா கேக்கமாட்டேங்குதுடி. நான் என்ன செய்ய?"

அவளை அண்ணி என்று முதலில் கூப்பிட்டது இந்த நாத்தனார்தான். அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு, வேலை செய்யும் இடம் என்று பரவி, கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியே அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேலை, பல் செய்வது. டாக்டர் பிடுங்குவார், பொருத்துவார், பெயர் வாங்குவார். நடுவில் ஒரு பல்லை யாராவது செய்ய வேண்டுமே, அந்த யாராவது அண்ணி.

அந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. பல் செய்கிறவர் வாயைப் பார்ப்பதில்லை. டாக்டரிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் பிளாஸ்டர் அச்சு, நிறம் குறித்த சீட்டு, சில சமயம் உதட்டைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து எடுத்த ஒரு படம். அந்தப் படத்தில் பெற்ற தாயையே அடையாளம் தெரியாது. பெட்டியின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும். செய்து, சின்னச் சூளையில் சுட்டு, மெருகேற்றி, அதே பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம். அண்ணி செய்த பற்கள் ஊரெல்லாம் சிரிக்கின்றன, கடிக்கின்றன, பொய் சொல்கின்றன. ஒன்றைக்கூட அவள் ஒரு முகத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் 4418 வந்தது. மேல் வரிசை, இடது முன்பல். பக்கத்திலிருந்த சொந்தப் பல்லைப் படத்தில் பார்த்தபோது, அதில் தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று சாய்வாக ஓடியது. ஓரத்தில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சின்னக் கீறல். அண்ணி இரண்டு நாள் உட்கார்ந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அதே கோட்டைப் புதுப் பல்லிலும் வரைந்தாள். அதுவும் அப்படியே காப்பியடிக்காமல், கூடப்பிறந்தது மாதிரி, கொஞ்சம் தள்ளி.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "புதுப் பல்லுல யாராவது விரிசல் வரைவாங்களா அண்ணி? புது வீடு கட்டி நீங்களே ஒட்டடை தொங்கவிடுவீங்களா? மாத்துங்க."

"சரிங்க," என்றாள் அண்ணி. ராத்திரி ஒரு தூக்கம் போட்டு, மறுநாள் அதே பல்லை அதே பெட்டியில் வைத்து நீட்டினாள்.

முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆங்! இப்பதான் பல்லு பல்லா இருக்கு. நான் சொல்லலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பத்து நாளைக்கு முன்னால், மதிய இடைவேளையில், அண்ணி, சாப்பாடு கொண்டுவந்த நாத்தனாரின் போனை வாங்கி ஒரு பேட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்பது வருஷமாகப் பைத்தியம் பிடித்து அலையும் நடன ஜோடியின் பேட்டி. அவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் றெக்கை. எகிறினால் இறங்க மறந்துவிடுவான். அவள் பம்பரம். சுற்ற ஆரம்பித்தால் பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். பேட்டியில் பம்பரம் என்னவோ சொல்ல, றெக்கை வாய் விட்டுச் சிரித்தான். திரை முழுக்க அவன் வாய். இடது முன்பல்லில், தலைமுடி மாதிரி, சாய்வாக, ஒரு கோடு.

அண்ணிக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது.

"அது போன் கண்ணாடியில இருக்கிற கீறல் அண்ணி," என்றாள் நாத்தனார், முதுகில் தட்டியபடி. "போன வாரம் கீழ போட்டேன்ல."

போனைச் சாய்த்துப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் கீறல் இருந்தது உண்மைதான். ஆனால் கீறல் மட்டும்தானா? அன்றிலிருந்து அண்ணிக்கு உறக்கம் போயிற்று. ஒன்பது வருஷமாக அவள் கொண்டாடும் சிரிப்பில், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அவளுடையதா? நேரில் ஒரே ஒரு தடவை, ஒரு முழம் தூரத்தில் அந்த வாய் திறந்தால் போதும். அதற்காகத்தான் டிக்கெட். பன்னிரண்டாவது வரிசையிலிருந்து பார்த்தபோது சிரிப்பு வெறும் வெள்ளை மின்னலாகத் தெரிந்தது. மிச்சம் இருந்தது இந்த இரும்புக் கதவு ஒன்றுதான்.

கதவுக்கு முன்னால் செயலாளர் இருந்தார்.

றெக்கை-பம்பரம் ரசிகர் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர் மூன்றும் அவரே. பணிவின் காரணமாகச் செயலாளர் என்று மட்டும் போட்டுக்கொள்வார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் பேரவையின் முத்திரை, கையில் கையேடு. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: 'அந்தப் புன்னகை இயற்கை அளித்த கொடை. முப்பத்திரண்டும் முத்து. மனிதக் கை தீண்டாதது.'

"ஆளுக்குப் பதினோரு வினாடி. ஒரே ஒரு வாக்கியம். அதையும் இப்பவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும்," என்று சீட்டு நீட்டினார்.

அண்ணி எழுதிக் கொடுத்தாள். அவர் சத்தமாகப் படித்தார். "'கொஞ்சம் வாயைத் திறக்கிறீங்களா?' என்னம்மா இது?"

"ஆசைதாங்க."

"கலைஞர்கிட்ட பேசற பேச்சா இது? வாந்தி எடுக்கிற பிள்ளைகிட்ட பேசற பேச்சு." அடித்துவிட்டு, மேலே அவரே எழுதினார். "'தங்கள் கலைப்பயணம் வானளாவ வளர்க என வாழ்த்தி வணங்குகிறேன்.' இதைச் சொல்லுங்க. மூச்சு விடாம சொன்னா ஏழு வினாடி. மிச்சம் நாலு வினாடி நீங்க பிரமிச்சு நிக்கலாம்."

"அவர் சிரிப்பாரா?"

"சிரிக்காம? அது அவர் மூச்சு மாதிரி."

நாத்தனார் காதோரம் குனிந்தாள். "உண்மையிலேயே உங்க பல்லா இருந்தா என்ன செய்வீங்க? பிடுங்கிட்டா வரப் போறீங்க?"

"பாப்பேன்."

"பாத்து?"

"பாத்துட்டேன்னு இருக்கும்டி. ஒரு தடவையாவது." அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கால்கள் மறுபடி குதித்தன. "ஆனா வெளிய சொல்லமாட்டேன். அது அவர் ரகசியம். கண்ணால பாத்து, மனசுல வெச்சுப் பூட்டிடுவேன்."

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. வரிசை மொத்தமும் மூச்சை இழுத்ததில் பூனை ஓடிவிட்டது.

முதலில் வந்தது பம்பரம். மேடையில் ஏழடி உயரம் தெரிந்தவள் அண்ணியின் தோளுக்குத்தான் இருந்தாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் பாதி உரித்த வாழைப்பழம். பின்னாலேயே றெக்கை. இரண்டரை மணி நேரம் தரையில் கால் படாமல் திரிந்தவன், இப்போது படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, முனகியபடி இறங்கினான். ஒரு காதுவரை ஒப்பனை, மறு காது சொந்த நிறம். கையில் ஈர உடை அடைத்த பிளாஸ்டிக் பை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை.

"பார்த்தீர்களா அந்த நடையை! படிக்கட்டையும் மேடையாக்குகிறார்," என்றார் செயலாளர், உணர்ச்சி மேலிட்டு எழுத்து நடைக்குப் போய்.

"முட்டி போயிருச்சுங்க," என்றான் றெக்கை.

முதல் ஆள் வானளாவ வாழ்த்தினார். றெக்கை சிரித்தான். உதட்டை மூடிக்கொண்டு.

இரண்டாம் ஆளுக்கும் அதே மூடிய சிரிப்பு. மூன்றாம் ஆளுக்கும். கடையைச் சாத்திவிட்டு உள்ளிருந்து தலையாட்டும் கடைக்காரர் மாதிரி. அண்ணியின் முகம் தொங்கியது.

"ஏண்டி, வாயே திறக்கமாட்டேங்கிறாரே!"

"ரெண்டரை மணி நேரம் சிரிச்ச வாய் அண்ணி. டூட்டி முடிஞ்சுது. நீங்க வீட்டுக்கு வந்தப்புறம் யாருக்காவது பல்லு செய்வீங்களா?"

நாலு, ஐந்து, ஆறு. ஒரு பல்கூட வெளியே வரவில்லை. விசில் ஊதியது. அண்ணியின் முறை.

ஒரு முழம் தூரத்தில் அந்த முகம். ஒன்பது வருஷம் சுவரில் பார்த்த முகம். நெற்றியில் தலைவலித் தைலம் மணத்தது. அண்ணி வாயைத் திறந்தாள். வானமும் வரவில்லை, வாழ்த்தும் வரவில்லை. "தங்கள்... தங்கள்..." என்று தங்கிவிட்டாள்.

"நாலு வினாடி போச்சு," என்றார் செயலாளர்.

உதவிக்கு வந்தாள் நாத்தனார். "சார், ஒரு ஜோக் சொல்லட்டுமா? ஒருத்தர் பல்..."

"அனுமதி பெறாத வாக்கியம்!" விசில் அலறியது.

றெக்கைக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அண்ணியின் கையிலிருந்த கையேட்டை அவனே வாங்கினான். கையெழுத்துப் போடப் பேனா எடுத்தான். ஒரு கையில் ஈரப் பை, மறு கையில் பேனாவும் கையேடும். மூடியைக் கழற்றக் கை இல்லை. பேனாவை வாய்க்குக் கொண்டு போனான். மேல் உதடு உயர்ந்தது.

கோடு! தலைமுடி மாதிரி, சாய்வாக, கொஞ்சம் தள்ளி, கூடப்பிறந்தது போல. அவள் வரைந்தது. சாயங்கால வெயில் நேராக அதில் விழுந்தது. அண்ணியின் நெஞ்சு மத்தாப்பாகப் பொரிந்தது. ஆனால் அதே நொடியில் அவள் கண் இன்னொன்றையும் பார்த்தது. அந்தப் பல்லின் விளிம்பில் பேனா மூடி. அவன் கடித்து, திருகப் போகிறான். பீங்கான், ஐயா! பீங்கான்!

"கடிக்காதீங்க!" என்று அலறினாள் அண்ணி. "நாலாயிரத்து நானூத்திப் பதினெட்டு! திருகாதீங்க, ஒடஞ்சிடும்! என் பல்லு அது!"

பேனா கீழே விழுந்தது. முப்பது பேரும் போனை உயர்த்தினார்கள். றெக்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பம்பரத்துக்கு வாழைப்பழம் புரையேறியது.

கண்ணால் பார்த்து மனசில் பூட்டுகிறேன் என்றவள், பூட்டை உடைத்துத் தெருவில் போட்டிருந்தாள்.

செயலாளரின் கழுத்து நரம்பு விசில் கயிற்றைவிடத் தடித்தது. "அவதூறு! எதிர் முகாம் அனுப்பின ஆளு! தாங்களே சொல்லுங்க," என்று றெக்கை பக்கம் திரும்பி, கையேட்டின் மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். "முப்பத்திரண்டும் தங்களுடையதுதானே? அச்சுல வந்திருக்கு."

றெக்கை பொத்திய கையை எடுக்கவில்லை. அவன் கண் மட்டும் முப்பது போன்களையும் சுற்றி வந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை அண்ணி பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் கிடைத்த ஒரே வாய். கையில் வந்ததை அவளே விடவேண்டியிருந்தது.

"இல்லைங்க," என்றாள். "தப்பாப் பாத்துட்டேன். என்னுது இல்ல அது. வயசாகுதில்ல, கண்ணு ஏமாத்திடுச்சு. எல்லாம் அவரோட சொந்தப் பல்லு."

"பதினோரு வினாடி எப்பவோ முடிஞ்சுது. நகருங்க," என்றார் செயலாளர், வெற்றியோடு.

அண்ணி நகர்ந்தாள். இரண்டு அடி வைத்திருப்பாள்.

"அக்கா, நில்லுங்க. நம்பர் என்ன சொன்னீங்க?" பொத்திய கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அது... சும்மா வாய்க்கு வந்தது."

"நாலாயிரத்து நானூத்திப் பதினெட்டு," என்றாள் நாத்தனார். அவளுக்கு இந்தப் பெருந்தன்மையெல்லாம் ஒத்துவராது.

றெக்கை ஈரப் பையைப் பம்பரத்தின் தலையில் கட்டிவிட்டு, பர்ஸைத் திறந்து, மடங்கிய ஓர் அட்டையை எடுத்தான். பல் வைத்தபோது டாக்டர் கொடுக்கும் உத்தரவாத அட்டை. அதில் எண். நாலு, நாலு, ஒன்று, எட்டு.

அட்டையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். கொடிக்குக் கீழே குனிந்து, ரசிகர்கள் பக்கம் வந்தான். கலை எல்லையைத் தாண்டிவிட்டது. செயலாளர் விசிலை வாயில் வைத்தார், ஊத மறந்தார்.

"நீங்களா அந்தக் கோடு போட்டது?"

"விரிசல் இல்லைங்க அது. பக்கத்துப் பல்லுல இருந்துச்சு, அதான்..."

"முதல் நாள் கண்ணாடியில பாத்துட்டு டாக்டர்கிட்ட சண்டைக்குப் போனேங்க. புதுப் பல்லு கீறியிருக்குன்னு. அவர் பக்கத்துப் பல்லைக் காட்டினார். அதுலயும் இருக்கு! முப்பத்தாறு வருஷமா என் வாயில இருக்கு, எனக்கே தெரியாது. என்னைக் கட்டினவளுக்கும் தெரியாது, கூட ஆடுற இவளுக்கும் தெரியாது. யாரு இதைப் பாத்திருப்பாங்கன்னு நினைச்சிருக்கேன்." கையை எடுத்தான். சிரித்தான். மேடைச் சிரிப்பு இல்லை; ஒரு பக்கம் கோணி, ஈறு தெரிய, கடைவாய்வரை திறந்த சிரிப்பு. "பாருங்க. நல்லாப் பாருங்க."

அண்ணி பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, விளக்கைப் போட்டு, அவன் தாடையைப் பிடித்து மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கனவில்கூடத் தொட நினைக்காத தாடை அது. இப்போது கத்தரிக்காயைப் புரட்டுவதுபோல் புரட்டினாள்.

"நல்லா உக்காந்திருக்கு," என்றாள், கண் கலங்க. "பிறந்து வளந்த வீடு மாதிரி உக்காந்திருக்கு."

"ஒண்ணே ஒண்ணு அக்கா. உள்பக்கம் கொஞ்சம் தடிப்பு. நாக்கு எப்பப் பாத்தாலும் அங்கதான் போய் நிக்குது."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். பக்தை போய் மேஸ்திரி வந்தாள். "டாக்டர் கடிக்கிற அளவை அப்படித்தான் எடுத்து அனுப்பினார். நான் அனுப்பினது சரியா இருந்துது. அவரைத் தேய்க்கச் சொல்லுங்க. அரை மில்லி, அதுக்கு மேல தொட விடாதீங்க."

"எப்படிங்க போச்சு பழைய பல்?" என்று நாத்தனார் கேட்டாள்.

இங்கேதான் செயலாளர் உயிர் பெற்றார். "நானே சொல்றேன்! அன்பர்களே, மூன்றாம் பக்கம் திருத்தப்படுகிறது! கலைக்காகப் பல்லையே பலி கொடுத்த முதல் கலைஞர். உச்சக்கட்ட ஆட்டத்துல, அந்தரத்துல, தன் ஜோடியைக் காப்பாத்தப் போய்..."

"பாத்ரூம்ல சோப்பு வழுக்கி, குழாயில மோதிட்டேன்," என்றான் றெக்கை.

"பாடிக்கிட்டே குளிச்சான்," என்று பம்பரம் வாழைப்பழத்தோடு சாட்சி சொன்னாள். "அதுவும் அபஸ்வரமா."

செயலாளர் பேனாவை எடுத்தார். "ஒத்திகையின்போதுன்னு போட்டுக்கலாம்," என்றார்.

அப்புறம் வரிசை வரிசையாக இல்லை. பம்பரம் பழத் தோலைத் தூர எறிந்துவிட்டு அண்ணியின் முன் வாயைப் பிளந்தாள். "எனக்கு இங்க ஒண்ணு ஆடுது, பாருங்கக்கா." ரசிகர்கள் கையேட்டை மறந்து அண்ணியைச் சுற்றிக் கடைவாயைக் காட்டினார்கள். இரும்புக் கதவின் காவலர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஈறு வீக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று விசாரித்தார். கலைஞர்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்று, யாரும் கையெழுத்துக் கேட்காத நிம்மதியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் செயலாளர் அண்ணியைக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக மேல் வரிசை மொத்தத்தையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது கொஞ்ஷம் லூஷா இருக்கு," என்றார்.

அண்ணி திருப்பிப் பார்த்தாள். அவளுடையதில்லை. ஆனாலும் பதினோரு வினாடிக்கு மேலேயே பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நாத்தனார் பத்து நிமிஷத்தில் முன்சீட்டு, பின்சீட்டு, டிரைவர் வரை சேதி சேர்த்துவிட்டாள். "எங்க அண்ணி செஞ்சதுங்க. நான்தான் முதல்லயே கண்டுபிடிச்சேன், போன்ல."

அண்ணிக்கு அது காதில் விழவில்லை. அவள் எதிர்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏற, அவர் வாய் மெல்லத் திறந்தது. அண்ணி இருக்கையின் நுனிக்கு வந்தாள். கை தானாகப் போனின் விளக்கைத் தேடியது.

"அண்ணி, வேணாம்," என்றாள் நாத்தனார், புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தபடி.

"ஷ்ஷ்! ரெண்டாவது பல்லுடி. எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு," என்று அண்ணி இன்னும் குனிந்தாள். "ஒரு நிமிஷம், அவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி."